இமயத்தைத் தாண்டி வரும் விருந்தாளி

திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப்பட்டியிலும் கொள்ளுகுடிப்பட்டியிலும் தீபாவளியன்று வெடிச் சத்தம் கேட்பதில்லை. கண்மாய் மரங்களில் நாரைகளும் நத்தைகுத்திகளும் கூடு கட்டும் காலம் அது. 1977-ல் சர்க்கார் அக்கண்மாய்களைச் சரணாலயமாக்கியது. ஊராரின் பொறுமையைப் பாராட்டி வனத்துறையார் இனிப்பு வழங்குவதும் உண்டு. அங்கே போய்வரும் மாணவர்கள், "இமயத்துக்கு மேலே பறந்து வருகிற வாத்து இவற்றில் எது, ஸார்?" என்று தவறாமல் கேட்பார்கள்.

அந்த வாத்தைப் பார்க்கத் திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள கூந்தன்குளத்துக்குப் போக வேண்டும். வரித்தலை வாத்து என்பது அதன் பெயர். சாம்பல் நிற உடல். வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கரிய பட்டைகள். நிறை இரண்டு முதல் மூன்று கிலோ. அது மரத்தில் தங்கும் பட்சியன்று. பகலில் நீர்ப்பரப்பிலும் கரையிலும் கூட்டமாய் ஓய்ந்திருந்து, பொழுது சாய்ந்தபின் புல்லையும் வயலையும் மேயப் புறப்படும். எனவே நாரைக்கு வேண்டிய கருவேல மரம் அதற்கு ஒரு பொருட்டல்ல. பரந்த நீரும் திறந்த புல்தரையுமே அதன் தேவை. கூந்தன்குளம் 1994-ல் சரணாலயமாயிற்று. 2022-ல் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலிலும் இடம் பெற்றது. அங்கும் பறவைகளுக்கு முதற் காவலர்கள் ஊரார்தாம்.

புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார், குமரித் துறையிலிருந்து வடமலைக்குத் திரும்பும் அன்னத்தை விளித்துப் பேசுகிறார். கவிகள் பாடிய அன்னம் இந்த வாத்தே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. வழியும் பருவமும் பொருந்துவதால் நானும் அக்கட்சிதான். ஆனால் பாட்டிலுள்ள அன்னம் அயிரை மீன் தின்கிறது. நமது வாத்தோ பெரும்பாலும் புல் தின்னி. ஆகவே வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை!

மங்கோலியா, திபெத்து, லடாக் ஆகிய இடங்களின் ஏரிக்கரைகளிலும் தீவுகளிலும் இது தரையில் கூடு வைக்கிறது. குஞ்சு பொரித்த ஓரிரு நாளிலேயே தாயைப் பின்தொடர்ந்து நீந்தும். தன் இரையைத் தானே கொத்தும். கோடையில் பெரிய பறவைகளின் சிறகுகள் ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடுவதால், புதுச் சிறகு முளைக்கும்வரை அவை பறக்கவே இயலாது. இப்படிச் சில வாரம் தரையோடு கிடந்த பறவைதான் பிறகு இமயத்தைக் கடக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் இவற்றின்மீது சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்ததில், ஏறத்தாழ 24,000 அடி உயரம் வரை சென்றது தெரிந்தது. மலையேற்றத்தை இரவிலும் விடியற்காலையிலும் வைத்துக்கொள்கின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது, சிறகுக்கு நல்ல பிடி கொடுக்கும். ஒரே உயரத்தில் செல்லாமல் மலையின் மேடுபள்ளத்தை ஒட்டியே ஏறியிறங்கிப் பறப்பதாக 2015-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. இவற்றின் ரத்தத்திலுள்ள செந்நிறப் புரதத்தில் ஏற்பட்ட ஒரு நுண்ணிய மாற்றம், மெல்லிய காற்றிலும் பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொள்ள உதவுகிறது.

இத்தகைய வலிமை படைத்த பட்சியை வீழ்த்துவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. 2005-ல் சீனத்தின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. அவற்றில் வரித்தலை வாத்துகள் ஏராளம். நம் தேசத்திலும் அந்தத் துயரம் நேர்ந்தது. 2020 டிசம்பர் இறுதியில் இமாசலப் பிரதேசத்துப் பாங் அணைக்கட்டில் தொடங்கிய நோய்க்கு ஏறத்தாழ ஐயாயிரம் பறவைகள் பலியாயின. பெரும்பாலானவை இதே வாத்துகள்.

இதைக் கேட்டதும், "காட்டுப் பறவை நோயைக் கொண்டுவருகிறது, விரட்டுங்கள்" என்று கூறுவோர் உண்டு. அது நியாயமன்று. இந்த வைரஸின் மூலம் 1996-ல் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணை வாத்துகளிடம் கண்டறியப்பட்டது. மனிதன் நெருக்கி அடைத்து வளர்த்த பட்சிகளிடமிருந்து அது ஏரிக்குச் சென்றது. ஏரியிலிருந்து மீண்டும் பண்ணைக்கு வருகிறது. எச்சமும் நீருமே அதன் பாதை. விரட்டினால் நோயுற்ற பறவை வேறொரு குளத்தில் இறங்கும்; அவ்வளவுதான்.

பாதையை மறிப்பதுதான் வழி. அறுவடையான வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிச் சென்று மேய்ப்பவர்களை நம் பக்கத்தில் அனைவரும் அறிவோம். மாலையில் அவ்வாத்துகள் இறங்கும் கண்மாயிலேயே வெளிநாட்டு விருந்தாளிகளும் இறங்கினால் கிருமிக்குப் பாலம் அமைந்துவிடும். சரணாலயத்துக்கு அருகே அவற்றை இறக்காமலிருக்க ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம். மேய்ப்பவருக்கு வேறு நீர்நிலையைக் காட்டுவதும் ஊரின் பொறுப்பே, அவர் பிழைப்பும் நடக்க வேண்டுமல்லவா? செத்த கோழியைக் கண்மாய் ஓரத்தில் வீசும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். கரையில் பறவைகள் செத்துக் கிடந்தால் சிறுவர்கள் தொட்டுத் தூக்கக் கூடாது; நாயும் அண்டாதபடி காவல் வைத்து, வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே சொல்லியனுப்ப வேண்டும். வீட்டில் முட்டையும் இறைச்சியும் நன்றாக வெந்திருந்தால் இக்கிருமி பிழைப்பதில்லை. ஆகவே சமையற்கட்டில் பீதிக்கு இடமில்லை.