மீன் தொட்டிக்கு நீங்களே சம்ப் செய்யப் போறீங்களா? முதல்ல சிலிக்கான் ட்யூப்பின் பின்பக்கத்தைப் படிங்க!

சென்னைக்காரர்களிடம் 'சம்ப்' என்றால், வாசலில் மூடி போட்டு மெட்ரோ வாட்டர் வந்து விழுமே, அந்தத் தொட்டிதான் ஞாபகம் வரும். மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப் வேறு. மீன் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு தொட்டி அது. மேலிருந்து வழியும் தண்ணீர் குழாய் வழியாக இங்கே இறங்கும். ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் அடுக்கிய அறைகளைத் தாண்டிச் சுத்தமாகும். கடைசி அறையில் இருக்கும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றிவிடும். ஹீட்டர், ஃபில்டர் எதுவும் வெளியே தெரியாது.

ரெடிமேடாக வாங்கினால் செலவு அதிகம் என்பதால், 'கண்ணாடி வெட்டி வாங்கி நாமே ஒட்டிக்கலாமே' என்று பலரும் இறங்குகிறார்கள். தாராளமாக இறங்கலாம். ஆனால், கண்ணாடியை அளக்கும்போது இருக்கும் கவனம், பசை வாங்கும்போது இருப்பதில்லை. மீன்களுக்கு ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த வாரம் அதைப் பார்த்துவிடலாம்.

ட்யூப் ஒன்றுதான், சரக்கு வேறு!

ஹார்டுவேர் கடையில் 'சிலிக்கான் ஒண்ணு குடுங்கண்ணே' என்று கேட்டால், கைக்குக் கிடைப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எல்லா ட்யூப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பவை இவை:

* அசிட்டாக்ஸி சிலிக்கான்: திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். காயும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலத்தின் வாடை அது. கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும். மீன் தொட்டி செய்பவர்கள் அதிகம் பயன்படுத்துவதும் இதைத்தான். முழுதாகக் காய்ந்தபின் அமிலம் போய்விடும்.
* நியூட்ரல் சிலிக்கான்: வினிகர் வாடை இருக்காது. உலோகம், கல் போன்றவற்றுக்கு ஏற்றது. காயும்போது வெளிவரும் வேதிப்பொருள் வகைக்கு வகை மாறும். மீன் தொட்டிக்கு ஏற்றது என்று கம்பெனியே எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.
* சானிட்டரி சிலிக்கான்: 'கிச்சன் அண்ட் பாத்', 'ஆன்ட்டி ஃபங்கல்' என்றெல்லாம் போட்டிருக்கும். வேண்டவே வேண்டாம்.
* அக்ரிலிக், பி.யு. சீலன்ட்: சுவர் விரிசல், ஜன்னல் ஓரம், கட்டட இடுக்குகளுக்கானவை. தண்ணீருக்குள்ளேயே இருக்கும் கண்ணாடி மூட்டுக்கு வேண்டாம்.

வினிகர் வாடை அடித்தால் போதுமா?

போதாது! 'வினிகர் வாடை வந்தா அது மீனுக்கு சேஃப்' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த வாடை, சிலிக்கான் எப்படிக் காய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாது. சானிட்டரி சிலிக்கான்களிலும் வினிகர் வாடை அடிப்பவை உண்டு.

பாத்ரூம் ஓரங்களில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, இவற்றில் பூஞ்சைக்கொல்லி சேர்க்கிறார்கள். பொடுகு ஷாம்பூக்களில் வரும் ஜிங்க் பைரிதியோன் அப்படிப்பட்ட ஒன்று. நம் தலைக்குப் போட்டுக் கழுவிவிடுகிறோம். ஆனால், நீர்வாழ் உயிரினங்களுக்கு அது கடும் விஷம். சம்ப்பில் அதே தண்ணீர் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவதால், மூட்டிலிருந்து கசிவது மேல் தொட்டிக்கும் போய்ச் சேரும். இறால், நத்தை போன்றவை இன்னும் சென்சிட்டிவ்.

வாங்கும்போது செய்ய வேண்டியவை

* '100% சிலிக்கான்' என்று இருக்கிறதா, 'அக்வேரியம்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சைக்கு எதிரானது என்று பெருமையாகப் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள்.
* கையில்தான் போன் இருக்கிறதே! ட்யூப்பில் உள்ள பெயரோடு 'டெக்னிக்கல் டேட்டா ஷீட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பல கம்பெனிகள் 'மீன் தொட்டிகளுக்கு ஏற்றதல்ல' என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும்.
* எக்ஸ்பைரி தேதி முக்கியம். பழைய சிலிக்கான் சரியாகக் காயாது. ஒரு சொட்டைப் பேப்பரில் பிதுக்கி, அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். மேலே தோல் கட்டவில்லை என்றால் வேறு ட்யூப் வாங்குங்கள்.

சந்தேகமா? சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர் பக்கம் போனால், தொட்டி செய்பவர்களிடமே 'நீங்க எதுல ஒட்டுறீங்க?' என்று கேட்டுவிடலாம்.

பிளாஸ்டிக் டப்பாவில் செய்தால்?

பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் டப்பாக்களில் சிலிக்கான் ஒட்டாது. ஒட்டியதுபோல இருந்து, ஒருநாள் தடுப்பு கழன்றுவிடும். குழாய் கொண்டுவர துளை போட்டு, ரப்பர் வாஷரோடு டேங்க் நிப்பிள் மாட்டுவதே சரி. அக்ரிலிக் ஷீட்டுக்கு, அதற்கென்றே உள்ள சால்வென்ட் பசைதான் உறுதியாக நிற்கும். பி.வி.சி. குழாய்க்குச் சால்வென்ட் சிமென்ட்; காய்ந்தபின் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். எம்-சீல், ஃபெவிக்விக் எல்லாம் வேறு வேலைக்கானவை, கண்ணாடி மூட்டுக்கு வேண்டாம்.

ஒட்டும்போது...

கண்ணாடி ஓரங்களை அசிட்டோன் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். விரல் ரேகைகூட படக்கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த அறையில் வேண்டாம். பழைய தொட்டியை ரிப்பேர் செய்கிறீர்கள் என்றால், பழைய சிலிக்கானை பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். காய்ந்த சிலிக்கான்மீது புதிய சிலிக்கான் ஒட்டாது.

அவசரம் வேண்டாம். சிலிக்கான் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, வெளியிலிருந்து உள்ளே காயும். ஒரு நாளைக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வாரம் விடுங்கள். வாடை துளியும் இருக்கக்கூடாது.

மீனுக்கு முன் தண்ணீருக்குப் பரீட்சை

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள சம்ப்பில் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதாவது 56 கிலோ எடை! ஹாலில் கசிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஸ்டாண்டுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேறு இருக்கும். எனவே பால்கனியிலோ மாடியிலோ, தெர்மாகோல் ஷீட் மேல் வைத்து, விளிம்புவரை நிரப்பி 48 மணி நேரம் விடுங்கள். கரன்ட் போய் மோட்டார் நின்றால், மேல் தொட்டி, குழாயில் உள்ள தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கி சம்ப்பின் மட்டம் உயரும். அதனால்தான் விளிம்புவரை பார்க்கச் சொல்கிறோம். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஒருமுறை கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சம்ப் பெரியது என்றால், எடையைத் தாங்கும் வெளிக்கண்ணாடிகளைத் தொட்டி செய்பவரிடம் ஒட்டி வாங்கிக்கொண்டு, உள்ளே தடுப்புகளை மட்டும் நீங்கள் ஒட்டலாம். அப்போதும் கொஞ்சம் செலவு மிச்சம்தான். ட்யூப் விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அங்கே மிச்சமாவது சில ரூபாய். போவது நீங்கள் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த மீன்கள்.