திரை எந்தப் பக்கம் கட்டுவது?

"அக்கா, நம்ம காலனியில டிரைவ்-இன் போடலாமா?" என்று தம்பி ஒருவன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆம்பூரை ஒட்டிய எங்கள் காலனியில் மொத்தம் இரண்டு கார்கள். அதில் ஒன்று வாடகைக்கு ஓடுகிறது. அவன் விடவில்லை. "காரு எதுக்குக்கா? பைக்கு, எக்ஸெல்லு, ஷேர் ஆட்டோ, எது கீதோ அதுல உக்காந்து பாப்போம்." நகரங்களில் ஒருநாள் மட்டும் திரை கட்டிப் படம் காட்டுகிற ரீல்ஸ் பார்த்து வந்த ஆசை அது. பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். புரொஜெக்டர் வாடகைக்கு வந்தது. பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிக் கட்டினால் வெள்ளைத் திரை. அம்பேத்கர் சிலைக்கு எதிரே இருக்கும் காலி மனையில் போடுவது என்று முடிவானது.

அப்போது ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். எங்கள் பையன்களோடு நன்றாகப் பழகுகிறவர்தான், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். "காலனிக்குள்ள போட்டா உங்க ஆளுங்க மட்டும்தான் வருவாங்க. கோயில் மைதானத்துல போடுங்கப்பா. அது பொது இடம், எல்லாரும் வருவாங்க."

பையன்களில் பாதிப் பேர் சரி என்றார்கள். கூட்டம் நிறைய வரும், பெயரும் கிடைக்கும். எனக்கு அந்தப் ‘பொது’ என்ற சொல் உறுத்தியது. ஊரின் மைதானம் பொது, எங்கள் மைதானம் மட்டும் ‘உங்கள் இடம்’ ஆவது எப்படி? நாங்கள் அங்கே போனால் எல்லாரும் வந்ததாகக் கணக்கு. அவர்கள் இங்கே வருவதைப் பற்றி யாருக்கும் யோசனையே இல்லை. நடக்க வேண்டிய தூரம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஆனால் நடக்கச் சொல்லப்படுவது எப்போதும் நாம்தான்.

சினிமா தமிழ்ச் சமூகத்துக்கு என்ன செய்தது என்று எழுதியவர்களில் பேராசிரியர் கா. சிவத்தம்பி முக்கியமானவர். எல்லாத் தமிழரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான் என்பது அவருடைய வாதம். பிறப்பை வைத்து இல்லாமல், கொடுக்கிற காசை வைத்து இருக்கை கிடைத்தது. 1905இல் திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். அந்த வழியில் வந்த டூரிங் டாக்கீஸின் தரை டிக்கெட்டில் நம் பாட்டன்மார்கள் மணலைக் குவித்து உட்கார்ந்தார்கள். அது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் காசு திறந்துவிட்ட கதவைச் சாதி மறுபடியும் சாத்திப் பார்க்கிறது. 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி திரையரங்கில், டிக்கெட் கையில் இருந்தும் நரிக்குறவர் குடும்பம் ஒன்று வாசலில் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. குழந்தைகளின் வயதையும் படத்தின் தணிக்கைச் சான்றிதழையும் நிர்வாகம் காரணமாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள்.

இனி டிரைவ்-இன்னுக்கு வருவோம். 1933 ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் முதல் டிரைவ்-இன் திரையரங்கைத் திறந்தார். அவர் காப்புரிமை வாங்கியது வரிசைகளின் சரிவுக்கு. முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்கும் காரை மறைக்காதபடி தரையை ஏற்றி இறக்கி அமைத்தார். யார் யாரை மறைக்கிறார்கள் என்பதுதான் அவர் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல். எங்கள் சிக்கலும் அதுதான் என்பது முதல் திரையிடலில் தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. டிரைவ்-இன் என்றால் முதலில் போக ஒரு பாதை வேண்டும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சாதி இந்துக்களின் நிலத்து வழியாகச் சுடுகாட்டுக்குப் போக முடியாமல், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அதன் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பிணத்துக்கே வழி இல்லாத பகுதியில் ‘எல்லாரும் வருவாங்க’ என்ற பேச்சை நான் அவ்வளவு எளிதாக நம்ப மாட்டேன்.

கடைசியில் திரையைக் காலனியிலேயே கட்டினோம். முதல் படம் அமுதன் ஆர்.பி. இயக்கிய ‘செருப்பு’. திருச்சியில் செருப்புத் தைக்கும் அருந்ததியக் கிறித்தவர்களைப் பற்றி 2006இல் வந்த ஆவணப்படம். தோல் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான படம் எது என்று பெருமையாகத் தேர்ந்தெடுத்தவள் நான்தான்.

இரண்டு தவறுகள் நடந்தன. பையன்கள் பைக்குகளைத் திரைக்கு நேர் முன்னால் வரிசையாக நிறுத்தி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து ஏழரை மணிக்கு இறங்கி, டிபன் பையோடு வந்த பெண்கள் பின்னால் நின்று பையன்களின் முதுகைப் பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் பாதிப் பேர் சோறாக்கப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்களில் ஓர் அக்கா, கூலிக்கு எடுத்துவந்த ஷூ அப்பரைத் திரை வெளிச்சத்தில் கையால் தைத்துக்கொண்டே பார்த்தார். படம் முடிந்ததும் கேட்டேன். "காலைலேர்ந்து இதத்தாம்மா பாத்துகினு கீறேன். ராத்திரியும் இதேதானா?" என்றார்.

அரசியல் படம் போட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. என்னைக் கேட்டீர்களா என்றுதான் கேட்டார். சாதி ஒழிப்பு பேசுகிற நாமும் நம் மக்களைப் பாடம் கேட்க வந்த மாணவர்களாக உட்காரவைக்கிறோம். பகல் முழுக்க லைனில் டார்கெட்டுக்கு ஓடியவர்களுக்குச் சிரிக்கிற உரிமையும் வேண்டும்.

இரண்டாம் முறை பெண்களே படத்தையும் நேரத்தையும் முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, எட்டரை மணி, வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு பழைய படம். பாய் முன்னால், நாற்காலி அதற்குப் பின்னால், வண்டிகள் கடைசியில். வண்டிமேல் உட்கார்ந்தால் உயரம் கிடைக்கிறது. பிறகு ஏன் முன்னால் நிற்க வேண்டும்? ஹாலிங்ஸ்ஹெட்டின் சரிவு எங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்தது.

அன்று ஊர்ப்பக்கத்திலிருந்து ஒன்பது பெண்கள் வந்தார்கள். பையன்கள் ஒட்டிய போஸ்டரைப் பார்த்து வந்தவர்கள் அல்ல. எங்கள் பெண்கள் கம்பெனியில் கூப்பிட்டு வந்தவர்கள். ஷூ கம்பெனி லைனில் ஊரும் காலனியும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்காருகின்றன. கம்பெனிக்கு வேலை நடக்க வேண்டும், அதனால் உட்கார வைக்கிறது. மாலையில் பஸ் இறக்கிவிட்டதும் இரண்டு பாதையாகப் பிரிகிறார்கள். அந்தப் பிரிவுக்குப் பிறகு, யாரும் சூப்பர்வைஸ் செய்யாத ஓர் இடத்தில், தாங்களே விரும்பி ஒரே பாயில் உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இடைவேளையில் பேச்சு தண்ணீருக்குப் போனது. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்தது பற்றி உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது, 2025 ஜனவரியில் மறுபடியும் சொன்னது. கிணறு கெட்டது இரண்டு பக்கத்துக்கும்தான். இதற்குத்தான் ‘பொது’ என்று பெயர்.

இதைப் பெரிய வெற்றியாகச் சொல்ல மாட்டேன். ஒன்பது பேரில் இருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, பாதியில் எழுந்து போனார்கள். மறுநாள் லைனில் அவர்கள் எங்கள் பெண்களிடம் மீதிக் கதையைக் கேட்டார்களாம்.

இப்படித் திரை கட்ட நினைக்கும் தோழர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. 1955ஆம் ஆண்டுத் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டப்படி நம் மாநிலத்தில் படம் காட்ட உரிமம் வேண்டும். படத்தின் உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும். தெருக்கோடித் திரையிடலுக்கும் இதைக் காட்டி யாரும் கேள்வி கேட்கலாம். மலக்குழி மரணங்களைப் பற்றிய திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படத்துக்கு 2017இல் பல இடங்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. டிக்கெட் இல்லாத சமூகத் திரையிடல்களுக்கு எளிய அனுமதி முறை ஒன்றை அரசு கொண்டுவர வேண்டும். அரசுப் பள்ளி மைதானத்தையும் சமுதாயக் கூடத்தையும் இதற்குத் திறந்துவிட வேண்டும். அதுவரை மனுவை எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டம் குறைந்தாலும் பரவாயில்லை. அந்தப் பெரியவரை அடுத்த திரையிடலுக்கு நாங்களே வீட்டுக்குப் போய் அழைத்திருக்கிறோம். முன் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைப்போம். வருவதும் வராததும் அவர் விருப்பம். திரை சிலைக்கு எதிரேதான் இருக்கும்.