மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குழந்தைகளுக்காக நிஜமாவே அழுறீங்களா?

மக்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். கோபத்துலதான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நேத்து நைட் ட்யூட்டி முடிச்சு மன்னார்புரம் வந்து சேர்ந்து போனைத் திறந்தா, எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு படம். 2019 ஈஸ்டர் அன்னைக்கு இலங்கையில் குண்டு வெடிச்சுச் சிதைஞ்ச தேவாலயம். கீழே, "கிறிஸ்தவ சகோதரர்களுக்காக ஜெபிப்போம்". அதுக்கும் கீழே, இனிமே எந்தெந்தக் கடையில் சாமான் வாங்கக் கூடாதுன்னு ஒரு பட்டியல். எல்லாம் நம்ம திருச்சிக் கடைங்க. எல்லாமே முஸ்லிம்கள் நடத்துறது.

இந்தப் பட்டியலால மட்டக்களப்புல இருக்கிற ஒரு கிறிஸ்தவக் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? இதுதான் என் கேள்வி.

என்ன நடந்ததுன்னு முதல்ல பார்த்துடலாம். 2019 ஏப்ரல் 21. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கூடவே கொழும்புல மூணு பெரிய ஹோட்டல். 260 பேருக்கு மேல செத்தாங்க. சீயோன் நம்மளை மாதிரி தமிழ் பேசுற சனங்க கும்பிடுற இடம். அங்க செத்தவங்கள்ல ஒரு டஜனுக்கு மேல குழந்தைங்க. ஞாயிறு பள்ளி முடிஞ்சு வெளியே நின்னவங்க.

செஞ்சது ஐ.எஸ். பேரைச் சொல்லி உறுதிமொழி எடுத்த இஸ்லாமியத் தீவிரவாதக் கும்பல். இதைச் சொல்லவே தயங்குற நண்பர்கள் எனக்கு இருக்காங்க. "இதைப் பேசினா அவங்களுக்குச் சாதகமா போயிடும் டாக்டர்"னு சொல்வாங்க. ஏங்க, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாகிட்ட போய் "உங்க துக்கம் இப்ப அரசியல்ரீதியா வசதியா இல்ல"ன்னு சொல்வீங்களா? நீங்க பேசாம விட்ட இடத்துலதான் அந்தக் கடைப் பட்டியல் வந்து உட்காருது.

இன்னொண்ணும் சொல்லணும். கும்பலோட தலைவன் சஹ்ரான், காத்தான்குடிக்காரன். அவன் ஆளுங்க 2017-லேயே அதே ஊர்ல சூஃபி வழியில் போற முஸ்லிம்களைத் தாக்கினாங்க. அவனால முதல்ல அடிபட்டவங்க முஸ்லிம்கள்தான்.

நான் பெரிய ஸ்பெஷலிஸ்ட் இல்ல. எம்.பி.பி.எஸ்., அரசு ஆஸ்பத்திரி. ஆனா பட்டாசு வெடிச்சுக் கருகி வர்ற பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். வெடியில் சிக்கினவங்களுக்கு எத்தனை வருஷம் வைத்தியம் தேவைப்படும்னு செய்தியில் சொல்ல மாட்டாங்க. தீக்காயம் ஆறின தழும்பு, குழந்தை வளர வளர கூட வளராது. கழுத்தை இழுக்கும், முழங்கையை மடக்கிப் பிடிக்கும். அதை வெட்டி விட்டு, வேற இடத்துத் தோலை எடுத்து வைக்கணும். ரெண்டு மூணு வருஷத்துல திரும்பவும் இழுக்கும், திரும்பவும் தியேட்டர். ஏழு வயசுல கால் போன பிள்ளைக்குச் செயற்கைக் கால் ஒண்ணு வாங்கிக் கொடுத்தா முடிஞ்சிடாது. வளருற வயசுல கிட்டத்தட்ட வருஷா வருஷம் மாத்தணும். காது ஜவ்வு கிழிஞ்சவங்க, உடம்புக்குள்ள உலோகத் துண்டோட வாழுறவங்க, கதவு டமார்னு சாத்தினாலே நடுங்குறவங்க... இவங்களுக்கு மெழுகுவத்தி படம் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. நானும் 2019-ல டிபி மாத்தினவன்தான். ஒரு வாரத்துல பழைய போட்டோவுக்குத் திரும்பிட்டேன்.

"பழிவாங்கினாதான் பயப்படுவாங்க"ன்னு குரூப்புல ஒருத்தர். சரி, பழிவாங்கினப்ப என்ன ஆச்சுன்னு பாருங்க. நீர்கொழும்புல பாகிஸ்தான்ல இருந்து உயிர் பிழைக்க ஓடி வந்த அகதிகள் பல நூறு பேர் வாடகை வீட்ல இருந்தாங்க. பெரும்பாலும் அகமதியா முஸ்லிம்கள். அவங்களோட பாகிஸ்தான் கிறிஸ்தவர்களும் இருந்தாங்க, மதத்துக்காகவே அங்க இருந்து துரத்தப்பட்டவங்க. குண்டு வெடிச்ச சில நாள்ல கும்பல் வந்து எல்லாரையும் சேர்த்தே விரட்டிச்சு. கிறிஸ்தவர்களுக்காகப் பழிவாங்குறோம்னு கிளம்பினவங்க, துன்பப்பட்ட கிறிஸ்தவர்களையே தெருவுல நிறுத்தினாங்க.

அடுத்து, ஒரு டாக்டரா என்னால மறக்க முடியாதது. குருநாகல் ஆஸ்பத்திரி டாக்டர் ஷாஃபி ஷிஹாப்தீன். சிசேரியன் பண்ணும்போது நாலாயிரம் சிங்களப் பெண்களுக்குத் தெரியாம கருத்தடை பண்ணிட்டார்னு 2019 மே மாசம் ஒரு பத்திரிகை முதல் பக்கத்துல போட்டுச்சு. கைது. ஆதாரம் எதுவும் கிடைக்கலைன்னு விசாரிச்ச போலீஸே கோர்ட்டில் சொன்னாங்க. பிறகு நிலுவைச் சம்பளம் வந்தப்ப, அந்தப் பணத்தை மருந்து வாங்கச் சொல்லி அரசுக்கே கொடுத்துட்டார் மனுஷன்.

அது இலங்கைக் கதைன்னு நினைக்காதீங்க. போன மாசம் ஒரு நோயாளியோட அட்டெண்டர் என்கிட்ட மெதுவா கேட்டார்: "அந்த பாய் வீட்டு டாக்டரம்மா வேணாம் சார், நீங்க ஊசி போடுங்க." அந்தப் பொண்ணு பக்கத்து டேபிள்லதான் உட்கார்ந்திருந்தா. காதுல விழுந்துச்சு. குனிஞ்சு சீட்டு எழுதிட்டே இருந்தா.

உங்க அக்கறை நிஜமா? அப்ப ஒடிசாவுக்கும் வாங்க. தொழுநோயாளிகளுக்குச் சேவை செஞ்ச கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவரோட ரெண்டு சின்ன மகன்களையும் 1999-ல வண்டிக்குள்ள வச்சுக் கொளுத்தினது இந்துத் தீவிரவாதக் கும்பல். 2008 கந்தமால்ல பல்லாயிரம் கிறிஸ்தவர்கள் வீடிழந்து காட்டுக்குள்ள ஓடினாங்க. 2023 மணிப்பூர் அடிப்படையில் இனச் சண்டை, ரெண்டு பக்கமும் இழப்பு. ஆனாலும் எரிஞ்ச தேவாலயங்கள் நூற்றுக்கணக்கு. இதுக்கெல்லாம் நம்ம குரூப்புல ஒரு மெழுகுவத்தி ஏத்தலையே, ஏன்?

நீதி கேட்கவும் வழி இருக்கு. தாக்குதல் வரப்போகுதுன்னு இந்தியா ஏப்ரல் 4-லேயே எச்சரிச்சிருந்துச்சு. கண்டுக்காம விட்டதுக்கு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்துல 10 கோடி ரூபாய் கட்டணும்னு இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பு கொடுத்துச்சு. பாதிக்கப்பட்ட குடும்பங்களும் திருச்சபைக்காரங்களும் விடாம கோர்ட்டுக்குப் போய் வாங்கின தீர்ப்பு. யார் கடையையும் அவங்க எரிக்கலை.

உதவணும்னா கேட்டுட்டு உதவுங்க. ஜிபே நம்பர் போட்ட போஸ்டரை நம்பாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச சபை வழியா, மறைமாவட்ட அலுவலகம் வழியா, எந்தப் பிள்ளைக்கு எந்த ஆபரேஷன், யார் செய்றாங்க, ரசீது எங்கேன்னு கேளுங்க. ஒருதடவை ஐயாயிரத்தைவிட அஞ்சு வருஷத்துக்கு மாசம் நூறு ரூபாய் ரொம்பப் பெருசு. செயற்கைக் காலை மாத்த அப்பப்பதான் காசு தேவைப்படும்.

இதுல பாதியைக் காலையில் குரூப்புலயும் போட்டேன். "நோ பாலிடிக்ஸ் ப்ளீஸ்"னு சொல்லி அட்மின் என் மெசேஜை டெலீட் பண்ணிட்டார். கடைப் பட்டியல் இன்னும் அங்கேயேதான் இருக்கு.