ஏட்டுச் சுரைக்காயும் அயர்லாந்தின் செல்வமும்

ஒரே ஆண்டில் ஒரு நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு 26.3 வீதம் பெருகுமா? பெருகிற்று என்றது 2015ஆம் ஆண்டுக்கென அயர்லாந்து முதலில் வெளியிட்ட கணக்கு. அவ்வாண்டில் அந்நாட்டு வயல்கள் இருமடங்கு விளைந்தனவா? ஆலைகள் ஓரிரவில் முளைத்தனவா? இல்லை. பிறநாட்டுப் பெருங்கம்பனிகள் காப்புரிமை முதலாய தம் சொத்துக்களை அயர்லாந்தின் பெயரில் மாற்றிப் பதிந்தன, பெரும்பாலும் அவ்வளவே. நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் போல் குரூக்மன், அந்நாட்டுப் பழங்கதைகளில் வரும் குட்டிப் பூதத்தின் பெயரைச் சூட்டி இக்கணக்கை எள்ளி நகையாடினார்.

நமது களத்திலே அயலான் தன் நெற்சூட்டை வைத்தால் அது நமது விளைச்சலாகுமா? களவாடகை நமக்குண்டு, நெல் அவனுடையது. கமக்காரர் அறிந்த இவ்வுண்மையைக் கற்றறிந்தோர் பலர் மறந்து, அயர்லாந்தைப் பார் என்று உலகுக்கு உபதேசஞ் செய்கின்றனர். அயர்லாந்தே அதனை நம்பவில்லை. 2017இல் அந்நாட்டுப் புள்ளிவிபர அலுவலகம், இம்மாயத் தொகைகளைக் கழித்துத் திருத்திய தேசிய வருமானக் கணக்கொன்றை வெளியிடத் தொடங்கிற்று. 2023இல் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் மூன்று பங்கையும் எட்டவில்லை.

இன்னொரு விந்தையுங் கேளீர். அப்பிள் கம்பனி செலுத்தாது விட்ட 1,300 கோடி யூரோ வரியை அறவிடுமாறு ஐரோப்பிய ஆணைக்குழு 2016இல் பணித்தது. தன் கருவூலத்துக்கு வரவேண்டிய பணத்தை வேண்டாமென்று அயர்லாந்து அரசாங்கமே வழக்காடிற்று! 2024 செப்டெம்பரில் ஐரோப்பிய உயர் நீதிமன்றம் அவ்வரியைப் பெற்றே தீரவேண்டுமெனத் தீர்த்தது. வாடகைக்காரன் கோபிப்பானென்று வாடகையையே கேளாத வீட்டுக்காரனை யாம் எங்குங் கண்டதில்லை.

இப்பெருஞ்செல்வம் குடிமக்களின் கூரையாகிற்றா? 2024இன் இறுதியில், அரசாங்கத்தின் கணக்கின்படியே ஏறத்தாழ 15,000 பேர் அவசரத் தங்குமிடங்களில் ஒண்டியிருந்தனர். அவருள் 4,500க்கு மேற்பட்டோர் சிறுவர். கற்றுத் தேர்ந்து தொழில் பெற்ற இளைஞரும் டப்ளினில் வீடு வாங்கவியலாது பெற்றோர் இல்லத்தில் தங்குகின்றனர். அன்றேல் கப்பலேறிய முன்னோரைப் போல் நாடு விட்டேகுகின்றனர்.

அக்கம்பனிகள் தந்த வேலைகள் மெய்யானவை; கல்வியில் அந்நாடு அடைந்த மேன்மையும் மெய்யே. எதிர்காலத்துக்கென 2024இல் சேமநிதிகளை நிறுவியமையும் நற்செயல். இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கம்பனி வரியிற் பாதிக்கு மேல் பத்தே கம்பனிகளின் கையிலிருந்து வருகின்றது. அந்நிய நாட்டின் சட்டமொன்று மாறினால் அக்கம்பனிகளின் ஏடுகள் வேற்றுநாட்டுக்குப் பெயரக்கூடும். அன்று அயர்லாந்து மக்களிடம் எஞ்சுவது யாது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. வளர்ச்சி வீதத்தைக் காட்டி நம்மை மயக்க வருவோரிடம் நாம் வினவுவது ஒன்றே: விளைந்த நெல் யாருடையது?