‘சிங்கிள்புட்’டைத் திருத்துகிறீர்கள், ‘பரையா’வை ஏன் விட்டுவைக்கிறீர்கள்?

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் நமக்கு இருக்கும் ரோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ‘சிங்கிள்புட்’ என்றால் வெள்ளைக்காரன் புத்தி. ‘மகாபலிபுரம்’ என்றால் வடமொழித் திணிப்பு. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களுக்குப் புதிய ஆங்கில எழுத்துக்கூட்டலை வெளியிட்டபோது எத்தனை கிண்டல், எத்தனை சண்டை! சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

திருத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருத்திய பிறகு அந்த வாக்கியத்தில் யார் மிச்சமிருக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலை மனை விளம்பரங்களைப் பாருங்கள். அவற்றில் மகாபலிபுரம் ஓர் ஊரே அல்ல, ஒரு தூரம். ‘மகாபலிபுரத்திலிருந்து பதினைந்தே நிமிடம்’. பக்கத்தில் கடல் உண்டு, நீச்சல்குளம் உண்டு. சேரி இல்லை, குப்பம் இல்லை. விற்கப்படும் நிலம் அ-பதிவேட்டில் எந்த வகைப்பாட்டில் இருந்தது என்ற விவரமும் இல்லை. ‘மாமல்லபுரம்’ என்று மாற்றி எழுதினாலும் விளம்பரம் அதேதான்.

இந்த மாவட்டத்தின் பெயர் மனிதர்களோடு சேர்ந்து வந்த ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் தலைப்பு அது: ‘நோட் ஆன் தி பரையாஸ் ஆஃப் சிங்கிள்புட்’. குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், மிராசுதாரின் கைப்பிடியில் எங்கள் முன்னோர் கிடந்ததை அது பதிவு செய்தது. அதைத் தொடர்ந்துதான் 1892 அரசாணையும் பஞ்சமி நிலமும் வந்தன.

அந்தத் தலைப்பில் இரண்டு பெயர்கள். ஊரின் பெயரைத் திருத்திவிட்டீர்கள். இன்னொன்று என் சாதியின் பெயர். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய், ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற வசவாகி, இன்றும் ஆங்கில நாளேடுகளில் ‘பரையா ஸ்டேட்’ என்று கூச்சமில்லாமல் அச்சாகிறது. ஏதோ ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதித்தால், அதைச் சொல்ல எங்கள் பெயர்தான் கிடைக்கிறது. என் கட்டுரை ஒன்றைத் திருத்திய பேராசிரியர், ‘சிங்கிள்புட்’டை வட்டமிட்டுக் ‘காலனியம்’ என்று ஓரத்தில் எழுதினார். அவருடைய கட்டுரையிலேயே ‘பரையா ஸ்டேட்’ இருந்தது. ஊரின் மானம் எல்லோருக்கும் பொது. சேரியின் மானம் மட்டும் எங்கள் சொந்தப் பிரச்சினை போலிருக்கிறது.

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் பல்லவர்கள் வருவார்கள், 2019இல் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தது வரும். காரணை வராது.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கலாம். அதே ஆவணத்தில் ‘டி.சி. நிலம்’ என்று குறித்த சர்வே எண்கள் யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் அரசு வெளியிடட்டும்.

ஆங்கிலத்தில் எழுதும் தோழர்களுக்கு என் கோரிக்கை இரண்டுதான். ‘பரையா’வை வசவாக எழுதுவதை இன்றே நிறுத்துங்கள், வேறு சொல்லுக்கு ஆங்கிலத்தில் பஞ்சமில்லை. செங்கல்பட்டையும் மாமல்லபுரத்தையும் எழுதும்போது நிலம் யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்துக்கூட்டலில் ஓரெழுத்து பிசகினால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.