சின்னப் படகுக்கு எந்த ஃபர்லர்?

ரோலர் ஃபர்லர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். நான் பாய்மரத்தின் உச்சியைப் பார்க்கச் சொல்வேன்.

காற்று பலக்கும்போது முன்தளத்துக்கு ஓடாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றை இழுத்து முன்பாயைச் சுருட்டத்தான் ஃபர்லர். ஆனால் பாயை ஏற்றும் ஹால்யார்ட் கயிறு முன்கம்பியை ஒட்டியே போனால், பாயைச் சுருட்டும்போது கம்பியில் சுற்றிச் சிக்கிவிடும். பாய் பாதியில் நிற்கும். அதையும் மீறி வலிந்து இழுத்தால் கம்பியின் இழைகளே அறுந்துபோகலாம்.

20 அடிப் படகில் வாரக்கடைசிக்கு மட்டும் போகிறீர்களா? ஹால்யார்டை உள்ளேயே வைத்திருக்கும் சிடிஐ வகை போதும். அதில் இந்தச் சிக்கல் இல்லை. பாதி சுருட்டிய பாயோடு அடிக்கடி ஓட்டுவீர்களென்றால், முறுக்கு குறைந்த அலுமினியக் குழல் உள்ளதை எடுங்கள். ஆனால் ஹால்யார்ட் கோணத்தை முதலில் சரிபாருங்கள்.

மிஞ்சும் காசில் நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள்.