ஒரு நகல் போதுமா?

முன்பெல்லாம் குடும்பப் படங்கள் என்றால் அலமாரியில் துணி சுற்றி வைத்த ஓர் ஆல்பம்தான். நிக்காஹ், பெயர் சூட்டு விழா, ஹஜ்ஜுப் பயண வழியனுப்பு என ஆண்டுக்குப் பத்துப் படங்கள் சேர்ந்தாலே அதிகம். இன்றோ ஒரு கைப்பேசிக்குள் பல்லாயிரம் படங்கள்! மறைந்துவிட்ட பெற்றோரின் முகமும், வளைகுடாவில் பணிபுரியும் தந்தை நேரில் காணாத மழலையின் முதல் நடையும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அக்கருவி நீரில் விழுந்தால் என்ன ஆகும்? களவு போனால் என்ன செய்வோம்?

இவ்வச்சத்தினால் பலர் வெளியில் இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்குகின்றனர். படங்களை அதில் ஏற்றியவுடன், கைப்பேசியில் உள்ளவற்றை அழித்தும் விடுகின்றனர். இங்கேதான் பிழை நேர்கிறது. முன்பும் ஒரே பிரதி. இப்போதும் ஒரே பிரதி. படங்கள் இடம் மாறினவே தவிர, அவற்றின் பாதுகாப்புக் கூடவில்லை.

எதை வாங்குவது?

இவற்றில் இரு வகை உண்டு. ஹார்டு டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் விரைந்து சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில் தட்டைத் தொடாமல் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிப் படங்கள் பாழாகலாம். எஸ்.எஸ்.டி. எனும் மற்றொரு வகையில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. வேகம் மிகுதி, அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை அதிகம். மேலும், மின் இணைப்பின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் பதிந்தவை மங்கிப் போக இடமுண்டு. எனவே வீட்டில் வைத்துப் பாதுகாக்க ஹார்டு டிஸ்க்கும், பயணத்தில் எடுத்துச் செல்ல எஸ்.எஸ்.டி.யும் ஏற்றவை.

ஒரு படம் 5 மெகாபைட் எனக் கொண்டால், 1 டெராபைட்டில் ஏறத்தாழ 2 இலட்சம் படங்கள் அடங்கும். வீடியோக்கள் மிகுந்த இல்லத்தார் 2 டெராபைட் வாங்கலாம். 2.5 அங்குல வகைக்கு யு.எஸ்.பி. கம்பி வழியாகவே மின்சாரம் கிடைத்துவிடும், 3.5 அங்குல வகைக்குத் தனி மின் இணைப்பு வேண்டும்.

நம்ப முடியாத மலிவு விலைக்கு '16 டெராபைட்' என்று விற்கப்படுபவற்றிடம் எச்சரிக்கை தேவை. பலவற்றினுள் இருப்பது ஒரு சிறு மெமரி கார்டுதான். கணினித் திரையில் 16 என்றே காட்டும். உண்மையான இடம் நிரம்பியபின், புதிய படங்கள் பழையவற்றை அழித்துக்கொண்டே பதியும். அறிமுகமான கடையில் ரசீதுடன் வாங்குவதே நன்று. உத்தரவாதம் என்பதும் கருவிக்கு மட்டுமே. உள்ளிருக்கும் படங்களுக்கு அன்று.

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு. பிரதிகள் மூன்று, அவை இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில்.

வேறு இடம் எதற்கு? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறந்துவிடலாகாது. வெள்ளம் வீட்டினுள் புகுந்தால், ஒரே அலமாரியில் உள்ள மூன்று பிரதிகளும் ஒன்றாகவே நனையும். ஆகவே ஒரு பிரதி வெளியூரில் வாழும் சகோதரியின் இல்லத்தில் இருக்கட்டும். அல்லது இணையச் சேமிப்பில் இருக்கட்டும்.

இணையச் சேமிப்பை மட்டும் நம்பியிருப்பதும் தகாது. கூகுள் ஃபோட்டோஸ் தன் வரம்பற்ற இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திக்கொண்டது. மின்னஞ்சல்களுக்கும் சேர்த்து 15 கிகாபைட் மட்டுமே இலவசம். அச்செயலியில் ஒரு படத்தை நீக்கினால் இணையத்திலிருந்தும் அது நீங்கும். குப்பைத்தொட்டியில் 60 நாட்கள் இருந்துவிட்டு அறவே மறையும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படங்களோ தரம் குறைக்கப்பட்டவை. உறவினரிடமிருந்து திருமணப் படங்களைப் பெறும்போது, அவற்றை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நகலெடுத்து முடிந்தவுடன் ஹார்டு டிஸ்க்கை முறைப்படி கழற்றி வைத்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய 'வன்னாகிரை' போன்ற நச்சு நிரல்கள், கணினியுடன் இணைந்திருக்கும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆண்டுக்கு இருமுறையேனும் இணைத்து, சில படங்களைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகள் ஆனபின் புதியதற்கு மாற்றிவிடுங்கள்.

அமானிதத்தைக் காப்போம்

மற்றொன்றும் உண்டு. நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அந்நியர் கையில் சிக்குவதை எவரேனும் விரும்புவோமா? பழுது பார்க்கும் கடையிலும், பழைய பொருள் விற்பனையிலும் இது எளிதில் நேர்ந்துவிடும். படத்தை அழிப்பதனாலோ விரைவு ஃபார்மேட் செய்வதனாலோ அது உண்மையில் அழிவதில்லை. மீட்டெடுக்கும் மென்பொருள்கள் பல உள்ளன. எனவே தொடக்கத்திலேயே கடவுச்சொல்லிட்டுக் குறியாக்கம் செய்துவிடுங்கள். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் உண்டு. வெராகிரிப்ட் இலவசமாகவே கிடைக்கிறது. கடவுச்சொல் தொலைந்தால் உரியவராலும் திறக்க இயலாது. ஆதலால் அதைத் தாளில் எழுதி, குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய இருவரிடம் ஒப்படையுங்கள்.

வீட்டில் ஒருவர் இப்பொறுப்பை ஏற்கட்டும். கல்லூரியில் பயிலும் மகளோ மகனோ இதனைச் செம்மையாகச் செய்வர். வரும் விடுமுறை நாளிலேயே, இன்ஷா அல்லாஹ், தொடங்கிவிடுங்கள். முதலில் மறைந்த பெரியவர்களின் படங்களை நகலெடுங்கள். ஏனையவற்றை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அவர்களை இனிப் படமெடுக்க இயலாதல்லவா?